எத்தியோப்பிய வகுப்பறையில் பேச்சு எழவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஹைலே செலாசி பேரரசர் காலத்திலேயே எத்தியோப்பியப் பள்ளிகளில் இந்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். 2000-க்குப் பிறகு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் மளமளவென்று பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்தும் பொறியியல், இயற்பியல், மேலாண்மை ஆசிரியர்கள் பலர் போனார்கள். கேள்வி-பதில், குழுவேலை, விவாதம் என்று முழுத் தயாரிப்போடு போகும் ஒருவர், சில வாரங்களிலேயே கரும்பலகையில் குறிப்பு எழுதிப்போடும் பழைய முறைக்குத் திரும்பிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. "இந்தப் பிள்ளைகளுக்கு இது சரிப்படாது" என்ற முடிவோடு அவர் திரும்புகிறார். அந்த முடிவு பெரும்பாலும் தவறு. கோளாறு வேறெங்கோ இருக்கும். எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் இந்த வழிமுறை.

எடுத்துக்காட்டுகள் முதலாண்டு இயற்பியலிலிருந்து வருகின்றன. பாடம் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

எதையும் தொடுமுன்: மதிப்பெண் எங்கே கிடக்கிறது?

வகுப்பில் "யோசி, பேசு" என்று சொல்லிவிட்டு, தேர்வில் "ஓம் விதியை வரையறு" என்று கேட்டால், மாணவர் மனப்பாடம் செய்வதுதான் புத்திசாலித்தனம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே துறையில் இரண்டு விவரம் கேளுங்கள். இறுதித் தேர்வுத் தாளை நீங்களே தயாரிக்கிறீர்களா, அல்லது எல்லாப் பிரிவுக்கும் பொதுத்தாளா? தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை மதிப்பெண், அதைப் பிரிப்பது யார் கையில்?

பொதுத்தாள் என்றால் அதை உங்களால் மாற்ற முடியாது. தொடர் மதிப்பீடு உங்கள் கையில் இருக்கும். அது 50 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் இப்படிப் பிரிக்கலாம்: ஐந்து மதிப்பெண் சிறுதேர்வு நான்கு, வகுப்பிலேயே எழுதித் தரும் தாள்களுக்கு 10, குழுவேலைக்கு 10, தனியாள் கணக்குத் தாளுக்கு 10. ஒவ்வொரு சிறுதேர்விலும் 2 மதிப்பெண் நினைவிலிருந்து எழுதுவதற்கு, 2 மதிப்பெண் வகுப்பில் செய்தது போன்ற கேள்விக்கு, 1 மதிப்பெண் புதிதாக யோசிக்க வேண்டியதற்கு. அந்த முதல் இரண்டை எடுத்துவிடாதீர்கள். மனப்பாடத்தில் வல்லவரான மாணவருக்கு அதுதான் கால் ஊன்றும் இடம். அதையும் பறித்தால் மிரண்டுபோய் எதையுமே முயல மாட்டார்.

மாணவரிடம் சொல்ல இன்னொரு வலுவான காரணமும் உண்டு. 2023 முதல் எத்தியோப்பியாவில் இளநிலைப் பட்டம் பெற, படிப்பின் முடிவில் நாடு தழுவிய தகுதித் தேர்வு (எக்ஸிட் எக்ஸாம்) எழுத வேண்டும்; தேற 50 விழுக்காடு. அது தெரிவுவிடைத் தேர்வு, அதாவது கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் வகுப்பில் கேட்கப்போவதும் தெரிவுவிடைக் கேள்விகள்தான். "இது விளையாட்டல்ல, அந்தத் தேர்வுக்கான பயிற்சி" என்று முதல் நாளே சொல்லி, மாதிரிக் கேள்வி ஒன்றைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.

அறிகுறி: கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்க மௌனம்

அடிக்கடி வருவது இதுதான். தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். மௌனத்துக்குக் குறைந்தது நான்கு காரணம் இருக்கலாம். இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில், கேள்வி காதில் விழுந்ததா? தமிழ்நாட்டு ஆங்கிலத்தின் வேகமும் ஒலியும் அவர்களுக்குப் புதிது. 1994 கல்விக் கொள்கைப்படி தொடக்கக் கல்வி தாய்மொழியில்; உயர்நிலையில்தான் பாடமொழி ஆங்கிலமாகிறது. உங்கள் எதிரே இருப்பவருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிகூட அல்ல, மூன்றாவதாக இருக்கலாம். அதே கேள்வியைப் பலகையில் எழுதிப் பாருங்கள். தலைகள் குனிந்து பேனா அசைந்தால் சிக்கல் ஒலியில்தான். அன்றிலிருந்து எல்லாக் கேள்வியையும் எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, நேரம் கொடுத்தீர்களா? வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே விடைகள் நீளமாகவும் நன்றாகவும் வருகின்றன என்றும் 1970-களில் காட்டினார். அங்கே பேசியவர்கள் தாய்மொழியில் பேசினார்கள். அம்ஹாரிக்கிலோ ஒரோமோவிலோ யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்ற மூன்று நொடி போதாது. ஒரு முழு நிமிடம் கொடுத்து, எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தவறினால் என்ன ஆகும் என்ற பயம். நாலு பேர் முன் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் அங்கே ஆழமானது. ஆசிரியர் கேட்டதற்கு உரக்கத் தவறான விடை சொல்வது ஆசிரியருக்கே மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் வாரத்தில் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தினால் இந்தப் பயம் கெட்டிப்படும்.

நான்காவது, கேள்வியே மோசம். "இணைச் சுற்று பற்றி யார் சொல்வீர்கள்?" என்பதற்கு எந்த ஊர் மாணவரும் வாய் திறக்க மாட்டார்.

நான்கையும் ஒரே அடியில் சரிசெய்யும் முறை ஒன்று இருக்கிறது. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் இயற்பியல் வகுப்புக்காக வளர்த்த முறை அது. எத்தியோப்பிய வகுப்புக்குக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்:

1. பலகையில் கேள்வியை எழுதுங்கள். "12 வோல்ட் மின்கலத்தில் 6 ஓம் தடை ஒன்று. அதற்கு இணையாக 3 ஓம் தடையைச் சேர்க்கிறோம். மின்கலத்தின் உள்தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 6 ஓம் தடையில் ஓடும் மின்னோட்டம்: ஒன்று, கூடும்; இரண்டு, குறையும்; மூன்று, மாறாது; நான்கு, நின்றுவிடும்."
2. ஒரு நிமிடம். யாரும் பேசக்கூடாது. விடை எண்ணைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எழுதியபின் மாற்றிச் சொல்ல மனம் வராது என்பதால் இந்தப் படியை விடாதீர்கள்.
3. நீங்கள் சைகை காட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். உங்களுக்குத் தெரியும், பின்வரிசைக்குத் தெரியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் முதல் மாணவரைப் பார்த்து வகுப்பே ஒரே விடை காட்டும்.
4. தலை எண்ண வேண்டாம், கண்ணால் மதிப்பிடுங்கள். சரியான விடை 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும்.
5. மறுபடி விரல். பிறகு ஒருவரைப் பார்த்து, "உங்கள் பக்கத்தில் இருப்பவர் என்ன காரணம் சொன்னார்?" என்று கேளுங்கள்.

ஐந்தாம் படியில் கேட்கும் விதம்தான் இதில் உயிர்நிலை. சொன்னது தவறானாலும் அது அவருடைய தவறல்ல. மற்றவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறார், அவ்வளவுதான். பேச்சு எழும் முதல் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மேலே உள்ள கேள்விக்கு விடை மூன்று. 6 ஓமில் முன்பும் 2 ஆம்பியர், பின்பும் 2 ஆம்பியர். மொத்தம்தான் 2-லிருந்து 6 ஆகிறது. இணைத்தடைச் சூத்திரத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து, மொத்தத் தடை 2 ஓம் என்று சரியாகப் போடுகிறவர்களே "குறையும்" என்று இரண்டு விரல் காட்டுவார்கள். மின்னோட்டம் பிரிகிறது என்று படித்ததால், பிரிந்தால் குறையத்தானே வேண்டும் என்று நினைக்கிறார்கள். எங்கே முடிச்சு என்பதை இந்தக் கேள்வி ஒரே நிமிடத்தில் காட்டிவிடும்.

இதில் தவறக்கூடிய இடம் இரண்டு. சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பேசவிடாதீர்கள். தெரியாதவர் தெரியாதவருக்குச் சொல்லித் தவறு இறுகிவிடும். திரும்ப விளக்கிவிட்டு வேறு கேள்வி கேளுங்கள். 70-க்கு மேல் போனால் ஒரு வரியில் காரணம் சொல்லிவிட்டு நகருங்கள். எல்லோருக்கும் தெரிந்ததைப் பற்றிப் பேசச் சொன்னால் சலிப்புதான் மிஞ்சும்.

அறிகுறி: "புரிந்ததா?" என்றால் "எஸ், டீச்சர்". தேர்வில் ஒன்றுமில்லை

அம்ஹாரிக்கில் "இஷி" என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் "சரி, கேட்டுக்கொண்டேன்" என்ற அளவில்தான். ஆமாம் என்பதற்குச் சட்டென்று மூச்சை உள்ளிழுக்கும் பழக்கமும் உண்டு. புதிதாகப் போனவருக்கு அது திடுக்கிட்டது போலத் தோன்றும். எதிர்ப்பக்கமும் பாருங்கள். நாம் ஒப்புதலாகத் தலையை இடவலமாக ஆட்டுவதை அவர்கள் "இல்லை" என்று எடுத்துக்கொள்வார்கள். சரியான விடை சொன்ன மாணவர் பாதியில் நிறுத்திவிட்டால், உங்கள் தலை என்ன செய்தது என்று யோசியுங்கள். ஒப்புதலை வாயால் சொல்லுங்கள், அல்லது மேலும் கீழுமாகத் தலையசையுங்கள்.

"புரிந்ததா?" என்ற கேள்வியை வகுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதற்கு "இல்லை" என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. பதிலாக, கடைசி மூன்று நிமிடத்தில் கால்தாள் ஒன்றில் பெயரில்லாமல் ஒரு வரி: இன்று எது குழப்பமாக இருந்தது? முதல் முறை "எல்லாம் தெளிவு, நன்றி டீச்சர்" என்றுதான் தாள்கள் வரும். அடுத்த முறை கேள்வியை மாற்றுங்கள். தவறான தீர்வு ஒன்றை ஐந்து வரியில் பலகையில் எழுதி, "இதில் எந்த வரியில் பிழை?" என்று கேளுங்கள். ஆசிரியரைக் குறை சொல்லாமல் தன் அறியாமையையும் வெளிக்காட்டாமல் எழுத அது இடம் தருகிறது. எந்த வரி அதிகம் வருகிறதோ அங்கிருந்து அடுத்த வகுப்பைத் தொடங்குங்கள். அம்ஹாரிக்கில் எழுதித் தந்தால் மறுக்காதீர்கள். உடன் பணிபுரிபவர் படித்துச் சொல்வார். "அல்கெபாஞிம்" என்றால் எனக்குப் புரியவில்லை என்று பொருள். அந்தச் சொல்லை நீங்களே வகுப்பில் ஓரிருமுறை சொல்லிக் காட்டினால், அது சொல்லத் தகாத சொல் அல்ல என்று அவர்களுக்கு விளங்கும்.

அறிகுறி: எப்போதும் அதே நான்கு பேர்

விடை சொன்னவருக்கு உடனே கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறீர்களா? அதை நிறுத்துங்கள். முன்வரிசை ஆண்கள் நான்கு பேர் அதை அள்ளிக்கொள்வார்கள். மற்றவர்கள் பந்தயத்திலிருந்தே விலகிவிடுவார்கள். மாணவிகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து உட்கார்ந்து, தங்களுக்குள் நன்றாக விவாதித்தும் வாய் திறக்காமல் போவது உண்டு. அவர்களைத் தனியாகச் சுட்டி எழுப்ப வேண்டாம். இருவர் இருவராகப் பேசி முடித்தபின் "இந்த இரண்டு பேரின் விடை என்ன?" என்று சேர்த்தே கேளுங்கள்.

பெயர் தெரிந்திருப்பது பெரிய உதவி. எத்தியோப்பியப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்ற வரிசைதான். நம் முன்னெழுத்து வழக்கம் தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். பட்டியலில் இரண்டாவதாக இருப்பதைச் சொல்லி அழைத்தால் அப்பாவை அழைத்ததாகிவிடும்.

அந்த நால்வரையும் ஒதுக்காதீர்கள். அவர்களுக்குக் கடினமான வேலை கொடுங்கள்: "இரண்டாம் விடை தவறு என்று தெரிகிறது. ஆனால் நிறையப் பேர் அதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?"

அறிகுறி: குழுவேலையில் ஒருவர் எழுதுகிறார், மற்றவர் பார்க்கிறார்

ஒருவருக்கு ஐந்து பேர் என்று, நன்றாகப் படிப்பவரைத் தலைவராக வைத்துக் குழு பிரிக்கும் ஏற்பாடு எத்தியோப்பியக் கல்வி நிலையங்களில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. அந்த அமைப்பிலேயே தலைவர் செய்வார், ஐவர் கையெழுத்திடுவர் என்ற ஆபத்து இருக்கிறது. உங்கள் வகுப்புக்கு மூன்று அல்லது நான்கு பேர் குழு போதும். தரையில் பொருத்திய பெஞ்சு என்றால் ஒற்றைப்படை வரிசைக்காரர்கள் பின்னால் திரும்பினால் நால்வர் குழு வந்துவிடும். நாற்காலி நகர்த்தும் பத்து நிமிடம் மிச்சம்.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் நான்கு வரை எண். வேலை முடிந்தபின்தான் "மூன்றாம் எண்காரர் சொல்லுங்கள்" என்று அறிவிக்க வேண்டும். முன்பே சொல்லிவிட்டால் மற்ற மூவர் ஓய்வெடுப்பார்கள். 10 மதிப்பெண்ணில் 6 குழுவுக்கு, 4 அவரவர் அதே கணக்கில் எண்ணை மாற்றி ஐந்து நிமிடத்தில் தனியாக எழுதுவதற்கு.

மாணவர்களைக் கல்வி அமைச்சகம் நாடு முழுவதுமிருந்து ஒதுக்குவதால் ஒரே வகுப்பில் ஒரோமோ, அம்ஹாரா, சோமாலி, சிதாமா எனப் பல இனத்தவர் இருப்பார்கள். முதல் சில வாரம் பழகியவரோடு சேரவிடுங்கள். பிறகு பட்டியல் எண்படி கலந்து பிரியுங்கள். யார் எந்த இனம் என்று கேட்காதீர்கள். இனம், வட்டாரம், அரசியல் தொட்ட விவாதத் தலைப்பு வேண்டவே வேண்டாம். வளாகத்தில் அது வெறும் விவாதமாக நிற்காது.

அறிகுறி: "ஹேண்ட்அவுட் எங்கே?" என்று ஓயாமல் கேட்கிறார்கள்

பாடநூல் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஆசிரியர் தரும் தாள்தான் புத்தகம். கேட்பது சோம்பலால் அல்ல. மறுத்தால் முந்தைய ஆண்டின் பழைய தாளை நகலெடுத்து அதையே படிப்பார்கள்.

தாள் கொடுங்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடமாக. வரையறைகள், அலகுகள், சூத்திரங்கள் முழுமையாக இருக்கட்டும். வருவித்தலில் நடுப்படிகள் இரண்டும், எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையும், வரைபடத்தின் குறியீடுகளும் காலியாக இருக்கட்டும். ஒரு வாரப் பாடத்துக்கு ஏ4 தாள் ஒன்று, இருபுறம். வகுப்புப் பிரதிநிதியிடம் ஒரு பிரதி கொடுத்தால் நகலகத்தில் எடுத்துக்கொள்வார்கள். டெலிகிராம் குழுவிலும் போட்டுவிடுங்கள், அங்கே எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நிரப்பிய தாளை மட்டும் எக்காலத்திலும் குழுவில் போடாதீர்கள். ஒருமுறை போட்டால் அடுத்த வாரத்திலிருந்து யாரும் வகுப்பில் பேனா எடுக்க மாட்டார்கள்.

அறிகுறி: படித்ததைச் சொல் மாறாமல் எழுதுகிறார்கள்; கேள்வியைத் திருப்பினால் நின்றுவிடுகிறார்கள்

இதைக் குறையாக மட்டும் பார்ப்பவர் அந்த நாட்டின் கல்வி மரபை அறியாதவர். எத்தியோப்பியத் திருச்சபைப் பள்ளிகளில் பிள்ளைகள் பழைய வழிபாட்டு மொழியான கீஸின் எழுத்தில் தொடங்கித் தாவீதின் சங்கீதங்களை மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு மேலே கெனே பள்ளி இருக்கிறது. அங்கே மாணவர் கீஸ் மொழியில் தாமே புதுச் செய்யுள் புனைந்து ஆசிரியர் முன் சொல்ல வேண்டும். வெளிப்பொருள் ஒன்றும் உட்பொருள் ஒன்றுமாக அமைவது அந்தச் செய்யுளின் சிறப்பு; மெழுகும் பொன்னும் என்பார்கள். நம் சிலேடைக்கு நெருங்கிய உறவு. மனப்பாடம் அங்கே அடித்தளம். அதன்மேல் சொந்தப் படைப்பு. குர்ஆன் பள்ளிகளிலும் ஓதி மனத்தில் நிறுத்துவதுதான் தொடக்கம். ஆகவே நினைவாற்றலை உடைக்க வேண்டியதில்லை, அதன்மேல் அடுத்த மாடி கட்ட வேண்டும்.

படி வைத்துக் கட்டுங்கள். வரையறையை ஒப்பிக்கட்டும். பிறகு அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, "இப்போது இது சரியா?" என்று கேளுங்கள். ஓம் விதியில் "வெப்பநிலை மாறாதபோது" என்பதை நீக்கினால் என்ன ஆகும்? சூடேறும் இழை விளக்கில் விதி அப்படியே பொருந்துமா? அடுத்த படி, தீர்த்த கணக்கைக் கொடுத்து ஒரு எண்ணை மட்டும் மாற்றுவது. அதற்கடுத்தது, விடையைக் கொடுத்துக் கேள்வியை உருவாக்கச் சொல்வது: "மொத்தத் தடை 2 ஓம் வரும்படி இரண்டு தடைகளை இணையாக அமையுங்கள்." 6-ம் 3-ம் என்று ஒருவர், 4-ம் 4-ம் என்று இன்னொருவர். ஒரே கேள்விக்கு இரண்டு சரியான விடை இருக்கலாம் என்பதைப் பலர் இந்த இடத்தில்தான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். இந்தக் கடைசிப் படிக்கு ஐந்தாறு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்திலேயே அங்கே தாவுவதால்தான் "நின்றுவிடுகிறார்கள்" என்ற புகார்.

அறிகுறி: அறுபது தாளிலும் ஒரே விடை, ஒரே பிழை

நண்பனுக்கு விடை காட்ட மறுப்பது சுயநலம் என்று கருதப்படும் இடத்தில் அறிவுரை வேலை செய்யாது. கேள்வியை மாற்றுங்கள். "உங்கள் அடையாள எண்ணின் கடைசி இலக்கத்தோடு 2 கூட்டினால் வருவதே முதல் தடை." 2 ஓம் முதல் 11 ஓம் வரை பத்து வகைக் கணக்கு கிடைக்கும், திருத்தப் பத்து விடை கொண்ட ஒரு அட்டவணை போதும். இப்போது நண்பனுக்கு உதவ வேண்டுமென்றால் முறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த உதவி நமக்கு வேண்டியதுதானே.

அறிகுறி: தேர்வன்று வகுப்பில் பாதிப் பேர் இல்லை

எத்தியோப்பியாவில் பகல் கணக்கு காலை 6 மணியிலிருந்து தொடங்கும். நமக்குக் காலை 8 மணி என்றால் அவர்களுக்கு 2 மணி. நாட்காட்டியும் வேறு: 13 மாதம், ஆண்டு நம்முடையதைவிட ஏழெட்டு குறைவு. "2 மணிக்குத் தேர்வு" என்று நீங்கள் பிற்பகலை நினைத்துச் சொன்னால் சிலர் காலையிலேயே வந்து காத்திருந்து போயிருப்பார்கள். நேரத்தையும் தேதியையும் இரு கணக்கிலும் பலகையில் எழுதுங்கள்.

அறிகுறி: "இவர் பாடமே நடத்துவதில்லை" என்று துறைத் தலைவரிடம் புகார்

எழுதிப்போட்டால்தான் பாடம் என்று பழகியவருக்கு, பேசவிட்ட நேரமெல்லாம் வீணான நேரமாகத் தெரியும். பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியரை மதிப்பிடுவார்கள் என்பதால் இதை அலட்சியப்படுத்தவும் முடியாது. பெரும்பாலும் கோளாறு அளவில்தான் இருக்கும். 50 நிமிட வகுப்பில் 12 நிமிட விளக்கம், 6 நிமிட விரல் கேள்வி. மறுபடி 12, மறுபடி 6. 8 நிமிடம் தாளில் எழுதும் வேலை. கடைசி 6 நிமிடம், "இதை எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஐந்தாறு வரியில் தொகுப்பு. அந்தக் கடைசி ஆறு நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். குறிப்பேட்டில் ஏதோ சேர்ந்தது என்ற நிம்மதியோடு அவர் வெளியே போக வேண்டும். மின்சாரம் போகும் நாளுக்காக எல்லாவற்றையும் பலகையில் செய்யும்படியே திட்டமிடுங்கள்.

துறைக்குள் துணை தேடுங்கள். ஆசிரியர்களுக்குச் செயல்வழிக் கற்பித்தலில் பயிற்சி தரும் ஹையர் டிப்ளமோ திட்டம் அங்கே 2003 முதல் நடந்துவருகிறது. அதை முடித்த உள்ளூர் ஆசிரியர் ஒருவரை உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். இது வெளிநாட்டார் கொண்டுவந்த புதுமை என்ற எண்ணம் அதோடு போகும். துறைத் தலைவர் கூப்பிட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே கேள்விக்கு முதல் விரல் கணக்கும் இரண்டாம் விரல் கணக்கும் வாரவாரியாக எழுதிவைத்த ஒரு பக்கத்தையும், முதல், நான்காம் சிறுதேர்வுத் தாள்களில் சிலவற்றையும் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள்.